நாகர்கோவிலில் அளவு கொடுத்துத் தைத்த கௌபாய் பூட்ஸ்: உள்ளே கை விட்டுப் பார்த்த விமர்சனம்

விலை 17,500 ரூபாய். ஆர்டர் கொடுத்து கைக்கு வர 8 வாரம். உயரம் 12 அங்குலம், ஹீல் ஒன்றரை அங்குலம், முனை கூம்பி வந்து நுனியில் மட்டும் மட்டமாக வெட்டிவிட்ட ‘ஸ்னிப்’ வகை. ஒரு கால் 870 கிராம். தைத்தது வடசேரிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னப் பட்டறை. பெயர் போடவில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நாளைக்கு அதே வாசலில் ரிப்பேருக்குப் போய் நிற்கவும் வேண்டியிருக்கிறது.

மார்க் கேட்பவர்களுக்கு: வெளி வேலைக்கு பத்துக்கு ஒன்பது, உள் வேலைக்கு ஆறு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கும் மாவட்டம் இது. இங்கே பூட்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பது கெண்டைக்காலை மூடும் குழாயில் ஓடும் பூத்தையல் இல்லை, பாதத்துக்கு அடியில் யாரும் பார்க்காத நாலு அடுக்கு. கடையில் எல்லோரும் தையலைத் தடவிப் பார்க்கிறார்கள். உள்ளே கையை விடுபவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

முதலில் இந்த பூட்ஸுக்கு ஏன் இந்த உருவம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எதைக் கேட்டு வாங்குவது, எதை விடுவது என்று புரியாது. 1870களில் அமெரிக்காவில் கான்சஸ், டெக்சஸ் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டு குதிரையில் போனவர்களுக்காக உருவானது. டெக்சஸில் ஸ்பானிஷ் ஃபோர்ட்டில் 1879இல் ஜஸ்டின், சான் ஆன்டோனியோவில் 1883இல் லுக்கேசி என்று இன்றும் பெயர் சொல்லும் கம்பெனிகள் அந்தக் காலத்தவை. முனை கூர்மையாக இருப்பது அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்துக்குள், கால் சட்டென்று நுழைய. ஹீல் உயர்ந்து உள்வாங்கிச் சாய்ந்திருப்பது கால் அங்கவடியைத் தாண்டி முன்னால் போய் மாட்டாமல் இருக்க. கயிறு, ஜிப் எதுவும் கிடையாது. குதிரையிலிருந்து விழுந்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆளை இழுத்துப் போகாமல், கழன்று வந்துவிட வேண்டும்.

நம் பக்கம் குதிரைக்கு எங்கே போவது? இங்கே வாங்குகிறவர்களில் பாதிப் பேர் புல்லட் ஓட்டுகிறவர்கள், மீதி கல்யாணத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் போடுகிறவர்கள், ஒன்றிரண்டு பேர் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள். கயிறும் ஜிப்பும் இல்லாதது மட்டும் எல்லோருக்கும் பொது. இறுக்கிக் கட்ட வழியில்லாத பூட்ஸ் என்றால், அளவு தவறினால் திருத்த வழியில்லை என்று அர்த்தம். ஆகவே அளவு எடுக்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இந்தக் காலணியைப் பிடித்து நிறுத்துவது விரல்களோ குதிகாலோ இல்லை, புறங்கால் மேடு. சரியாக அமைந்த பூட்ஸில் கால் நுழையும்போது நடுவில் ஒரு இடத்தில் தடுக்கும், அழுத்தினால் ‘தொப்’பென்று குதிகால் உட்காரும். அந்தத் தொப் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் புறங்கால் தளர்ந்திருக்கிறது. தடுத்த இடத்திலேயே நின்றுவிட்டால் குதிகாலிலிருந்து கணுக்கால் மடிப்பு வரைக்கும் சுற்றி எடுக்கும் அளவு குறைந்திருக்கிறது. நல்ல பட்டறையில் ஒவ்வொரு காலுக்கும் ஐந்து சுற்றளவு எடுப்பார்கள்: விரல் மூட்டுச் சுற்று, பாதத்தின் நடுஇடுப்பு, புறங்கால் மேடு, குதிகாலையும் கணுக்கால் மடிப்பையும் சேர்த்து ஒரு சுற்று, கெண்டைக்கால். அதோடு காகிதத்தில் நின்று வரைந்த பாத உருவம். இரண்டு காலுக்கும் தனித்தனி. ஒரே ஆளின் இரு பாதமும் அரை அளவு வித்தியாசப்படுவது சர்வ சாதாரணம்.

தப்பு நடப்பது எங்கே என்றால், பென்சிலைச் சாய்த்துப் பிடிப்பதில். செங்குத்தாகப் பிடிக்காமல் நுனி வெளிப்பக்கம் போகும்படி சாய்த்தால் இரண்டு ஓரத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடி, அகலத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் பொய்யாகச் சேர்ந்துவிடும். ஒரு ஆங்கில அளவுக்கும் அடுத்ததுக்கும் நீளத்தில் இடைவெளியே எட்டரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்தது நேரம். காலையில் கொடுத்த அளவு சாயங்காலம் செல்லாது; நாலு மணிக்கு மேல், என்ன சாக்ஸ் போடப்போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் சமமாக எடை வைத்து நின்று கொடுக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு கொடுத்தால் பாதம் பரவாது. கெண்டைக்கால் அளவை ஜீன்ஸ் உள்ளே போடுவீர்களா வெளியே போடுவீர்களா என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். இந்தப் பட்டறையில் கேட்டார்கள், அதற்கு ஒரு சபாஷ். ஆனால் ஐந்து சுற்றில் குதிகால்-மடிப்புச் சுற்றை விட்டுவிட்டார்கள், நினைவுபடுத்தியதும் எடுத்தார்கள். நினைவுபடுத்தாமல் விட்டிருந்தால் போடும்போது மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி அச்சுக்கட்டை. லாஸ்ட் என்று பட்டறையில் சொல்லும் அந்தக் கட்டை எந்த ஹீலுக்குச் செதுக்கியதோ அந்த ஹீல்தான் போட வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் ஆபீஸ் ஷூ தைக்கிற, ஒரு அங்குல ஹீலுக்கான கட்டைகள்தான் நிறைய இருக்கும். அதையே வைத்து மேலே தோல் துண்டு ஒட்டிப் புறங்காலை ஏற்றி, அடியில் ஒன்றரை அங்குல ஹீலை அடித்துவிட்டால், பார்க்க கௌபாய் பூட்ஸ்தான். நடந்தால் தெரியும்: எடை முழுக்க முன்னால் சரிந்து விரல் மூட்டில் போய் நிற்கும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பூட்ஸைக் கண்ணாடி மேஜையிலோ வழவழப்பான டைல்ஸிலோ வையுங்கள். ஹீலின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இரண்டும் தரையைத் தொட வேண்டும், முனை சுமார் ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். ஹீலின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு தபால் அட்டை நுழைந்தால் கட்டையும் ஹீலும் ஒத்துப்போகவில்லை. ‘அதெல்லாம் பைய பழகிரும்’ என்பார்கள். தோல் பழகும், கோணம் பழகாது. இந்த ஜோடி இந்தச் சோதனையில் தேறியது.

தோல் விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தமிழ்நாடே தோல் பதனிடுகிற ஊர்களால் நிறைந்தது. மேல்பாகத்துக்குக் குரோம் பதனிட்ட மாட்டுத்தோல், பாதத்துக்கு அடியில் மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்பதுதான் சரியான ஜோடி. ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டு கடுக்காயில் முடிக்கும் பழைய முறைக்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர், புவிசார் குறியீடும் வாங்கியது. பாதத்தின் மேல்பக்கத்தை மூடும் முன்தோல் 1.8 முதல் 2 மில்லிமீட்டர், உள்லைனிங் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய, பாதம் நேராகப் பதியும் இன்சோல் 4 முதல் 5, வெளிச்சோல் 5 முதல் 6. கனம் அளக்க கையில் ஒரு வெர்னியர் இருந்தால் எடுத்துப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்தோல் முதுகுப் பாகத்திலிருந்து வெட்டியதா வயிற்றுப் பாகத்திலிருந்தா என்பதைக் கட்டைவிரலே சொல்லிவிடும். தோலை உள்பக்கமாக மடியுங்கள். பொடிப்பொடியாக, முடிபோல் மெல்லிய சுருக்கம் விழுந்தால் முதுகு. அகலமாக, குழாய் குழாயாகப் புடைத்துக்கொண்டு வந்தால் வயிறு. ஆறு மாதத்தில் தொய்யும். இந்த ஜோடியில் இடதுகால் முன்தோல் அருமை, வலதுகாலில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் சுருக்கம் தடித்திருக்கிறது. ஒரே தோலில் இரண்டு முன்தோலையும் முதுகெலும்பின் இருபக்கமும் எதிரெதிராக வைத்து வெட்டாமல், துண்டு மிச்சப்படுத்த ஒன்றை ஓரமாகத் தள்ளி வெட்டியதன் விளைவு. பெரிய குற்றமில்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்து இரண்டு காலும் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது.

மேலே பெயிண்ட் அடித்ததுபோல் ஒரே சீராகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். தழும்பையும் கொசுக்கடித் தடத்தையும் மறைக்க மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்த தோல் அது. மடியும் இடத்தில் பூச்சு வெடிக்கும், எண்ணெயும் உள்ளே இறங்காது. பாம்புத்தோல், உடும்புத்தோல் வேண்டும் என்று யாராவது கேட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசைனை மாட்டுத்தோலில் அச்சு அழுத்திக் கொடுப்பார்கள், அது போதும். தடவினால் செதில் தூக்காமல் வழுவழுவென்று போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளி வேலைக்கு ஒன்பது மார்க் கொடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, முன்தோலின் வளைவு. பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறும் அந்த வளைவில் தையலே கிடையாது; தட்டையான ஒரே துண்டுத் தோலை நனைத்து, மரப்பலகையில் இழுத்து ஆணியடித்து, காயவிட்டு வளைத்தது. அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்துவிட்டால் போட்ட சில நாளில் கணுக்கால் முன்னால் பை மாதிரி தொங்கும். இதில் தொங்கவில்லை. இரண்டு, குழாயின் பூத்தையல்: நான்கு வரிசை, அங்குலத்துக்கு ஒன்பது தையல், எட்டு மடிப்புத் திருப்பத்திலும் ஊசி ஒரே ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது. இந்தத் தையல் வெறும் அலங்காரம் இல்லை. மேல்தோலையும் லைனிங்கையும் ஒன்றாகப் பிணைத்து, குழாய் குப்புறச் சரியாமல் நிமிர்ந்து நிற்க வைப்பது அதுதான். ஒரே வரிசை போட்ட மலிவு பூட்ஸ்கள் மூன்றாம் மாதமே காலுறை மாதிரி இறங்கிக் கிடப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

சரி, இப்போது உள்ளே.

வலது கையை முழங்கை வரை விட்டு இன்சோலை விரல் நுனியால் தடவுங்கள். தோல் என்றால் லேசான நார் தட்டுப்படும், நகத்தால் கீறினால் தடம் விழும். அழுத்திச் செய்த அட்டை என்றால் பள்ளிக்கூட நோட்டு அட்டை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். ஹீல் பக்கம் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணாச்சி, இன்சோல் தோலா, போர்டா?” போர்டு என்றால் பேரத்தையே நிறுத்திவிடலாம். ஒரு மழையில் ஊறி, காய்ந்து, இன்னொரு மழையில் ஊறினால் அட்டை அடுக்கடுக்காகப் பிரியும். அதில் பிடித்திருக்கும் தையலும் ஆணியும் பிடிமானம் இழக்கும். இந்த ஜோடியில் தோல்தான், 4 மில்லிமீட்டருக்குக் குறையாது. முன்பாகத்தைச் சுற்றி ஓரமாக ஓடி மேல்தோலையும் சோலையும் இணைக்கும் வெல்ட் எனும் தோல் பட்டையை, அந்த இன்சோலிலேயே செதுக்கிய மேட்டில் கையால் தைத்திருக்கிறார்கள். இதுதான் கைவேலை என்ற வார்த்தைக்கு உண்மையான பொருள். மெஷின் வேலையில் இன்சோலுக்கு அடியில் துணிப்பட்டை ஒன்றை ஒட்டி அதில் தைப்பார்கள். பசை விட்டால் எல்லாம் விட்டது. வெறும் பசையால் ஒட்டி முடிக்கும் பேஸ்டிங் வேலையில் அதுவும் கிடையாது, ஓரத்தில் ஓடும் நூல் கூட பொம்மைத் தையலாகவே இருக்கலாம். சோலின் அடியில் அதே தையல் தெரிகிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

கௌபாய் பூட்ஸில் இந்த வெல்ட் ஹீலைச் சுற்றி வராது. விரல் மூட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து, நடுஇடுப்பு தொடங்கும் இடத்தோடு நிற்கும். அந்த ஒடுங்கிய இடுப்பில், ஷாங்க் எனும் இரும்புப் பட்டைக்கு இருபுறமும் மர ஆணி அறைவது பழைய முறை. திருப்பிப் பார்த்தால் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெளிர்ப்புள்ளிகள் இரண்டு வரிசையாக இறங்கும். மர ஆணி ஏன்? தோல் ஈரம் குடித்துப் பருக்கும், காய்ந்து சுருங்கும். மரமும் கூடவே பருத்துக் கூடவே சுருங்கும், ஆகவே பிடி தளராது. இரும்பு ஆணி அப்படியே நிற்கும். ஓட்டை மட்டும் அகன்றுகொண்டே போகும்.

இந்த ஜோடியில் மர ஆணி இல்லை. இரும்பு. அதற்குத்தான் உள் வேலையில் மார்க் போனது.

இரும்பு துருப்பிடிக்கும் என்பது மட்டும் இல்லை. கடுக்காயும் அன்னபேதி எனும் இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுப்பு மை என்பது நம் பாட்டன்களுக்குத் தெரிந்த கணக்கு. பட்டையில் பதனிட்ட சோல் முழுக்க அதே கடுக்காய்ச் சத்துதான், ஆணியிலிருந்து இறங்குவதும் இரும்புதான். ஈரம் பட்டதும் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கறுப்பு வளையம் விழும், அந்த வளையத்துக்குள் தோல் மெல்ல மொறுமொறுத்து உதிரும். இரண்டு மழை நனைந்த பிறகு இந்த பூட்ஸின் இடது இடுப்பில் நாலு ஆணியைச் சுற்றி அந்த வளையம் வந்துவிட்டது, ஒவ்வொன்றும் அரைக் கடலைப்பருப்பு அளவு. பட்டறையில் கேட்டதற்கு மர ஆணி இங்கே கிடைப்பதில்லை என்றார்கள். அது நியாயமான பதில்தான், ஆனால் முற்றிய மூங்கிலைச் சீவி வேகவைத்து நன்றாகக் காயவிட்டுச் செய்துகொள்ளலாம். ஆசியாவில் சில கைவேலைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மூங்கில் வெட்ட நம் மாவட்டத்தில் ஆளா இல்லை? அதுவும் முடியாதென்றால் பித்தளை ஆணி. பச்சை பூக்கும், ஆனால் தோலை இரும்பு மாதிரி தின்னாது.

ஷாங்க் சோதனை கையாலேயே முடியும். பூட்ஸை முழங்காலில் குப்புற வைத்து இடுப்பில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். துளியும் வளையக் கூடாது. விரல் மூட்டில் வளைத்தால் மட்டும் வளைய வேண்டும். புல்லட்டின் ஃபுட்ரெஸ்ட் உட்காருவது சரியாக இந்த இடத்தில்தான், ஆகவே ஷாங்க் இல்லாத பூட்ஸில் நூறு கிலோமீட்டர் ஓட்டினால் பாதத்தின் நடுவில் குடைச்சல் நிச்சயம். இந்த ஜோடி கல்லு மாதிரி நிற்கிறது.

வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. கியர் நெம்புகோல் எந்தக் காலில் இருக்கிறது என்று ஆர்டரின்போதே சொல்லிவிடுங்கள். இப்போதைய வண்டிகளில் இடது, பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் வலது. அந்தக் காலின் முனை மேல் இரண்டு அங்குல அகலத்துக்கு இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைத்தால் முன்தோல் தேயாது. ஒரு காலில் மட்டும் போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று இரண்டிலும் போட்டுவிடுகிறார்கள், அதற்குக் கூடுதலாக 300 ரூபாய் ஆனது. தோட்டத்துக்குப் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை: பாம்பு கடித்தால் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வேறு வகை பூட்ஸ். ஈரமான சரிவில் இந்தச் சாய்ந்த ஹீலும் தோல் சோலும் ஆளையே சறுக்கிவிடும்.

சோலைப் பற்றி. தோல் சோல் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, வெல்ட் வேலையின் அழகே அதில்தான். ஆனால் மழையில் நனைந்த டைல்ஸில் அது சோப்புக்கட்டி. ஒரு வாரம் தோலாகவே போட்டுத் தேய்த்து, கரடானதும், முன்பாகத்தில் 2 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் ஒட்டிவிடுங்கள். புது வழவழப்பில் ஒட்டினால் பசை பிடிக்காது. பி.யு. (பாலியூரித்தேன்) சோல் போட்டுத் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காற்றில் இருக்கும் ஈரமே அதைச் சிதைக்கும். போடாமல் டப்பாவில் வைத்திருந்தாலும் நாலைந்து வருஷத்தில் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். நம்மூர் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய ஷூக்களை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஹீல் அடுக்கு தோல்தானா என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லலாம். உண்மையான அடுக்கில் கோடுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மர வரி அச்சிட்ட தாளைச் சுற்றியிருந்தால் கோடு அளவுகோல் வைத்தது மாதிரி இருக்கும்.

முதல் மாதம் குதிகால் தூக்கினால் பதற வேண்டாம். புதுச் சோல் வளையாததால் நடக்கும்போது குதிகால் கால் அங்குலம், சில சமயம் அரை அங்குலம் வரை எழும்பும். சோல் மூட்டில் மடியப் பழகியதும் குறையும். இந்த ஜோடியில் முதல் நாள் 10 மில்லிமீட்டர், மூன்று வாரத்தில் பாதி. இதைப் பார்த்து பயந்து உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் இன்சோல் போட்டுவிட்டால் புறங்கால் மேலே ஏறி இறுகி, வேறொரு வினை. இன்னொன்று, நனைத்துப் போட்டு நடந்தால் காலுக்குப் படியும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. வறண்ட டெக்சஸில் செல்லலாம். இங்கே ஆடி மாதத்தில் நனைத்தால் காய நாலு நாள், அதற்குள் பூசணம் பூத்துவிடும்.

கழற்றுவதற்கு ஒரு காலால் மற்றொரு காலின் ஹீலை மிதித்து இழுக்காதீர்கள், பின்பக்கத் தையல் போய்விடும். ஆசாரியிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் ஒரு கட்டை செய்துகொடுப்பார்: 30 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 2 கனம், ஒரு நுனியில் ஹீல் மாட்டும் அளவுக்கு யு வடிவ வெட்டு, அந்த நுனிக்குக் கொஞ்சம் பின்னால் அடியில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சட்டம். வெட்டின் உள்விளிம்பில் பழைய தோல் துண்டு ஒட்டிக்கொண்டால் ஹீலில் கீறல் விழாது. கடையில் 900 ரூபாய் சொல்கிறார்கள், பலாப் பலகையில் செய்தால் நூற்றுச் சொச்சம்.

பராமரிப்பில் நம் பக்கத்துக்காரர்கள் செய்யும் ஒரே பெரிய தப்பு தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்ப்பதும் கதவுக் கீலுக்கு விடுவதும் சரி, தோலுக்கு வேண்டாம். கறுத்துப் போகும், தொளதொளவென்று ஆகும், சிக்கு வாடை அடிக்கும், பூசணத்துக்கு விருந்து வைத்தது மாதிரி. மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கிறது. அதில் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிக் கலந்து ஆறவிட்டால் நல்ல பூச்சு ரெடி. விரலால் மெல்லிசாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். நேரடியாக அடுப்பில் உருக்காதீர்கள், தீப்பிடித்துக்கொள்ளும்.

நனைந்துவிட்டால் உள்ளே தினத்தாளைக் கசக்கித் திணித்து, முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் மாற்றி, படுக்க வைத்து ஃபேன் காற்றில் காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் சோல் காயாது. வெயிலிலோ அடுப்பங்கரையிலோ வைத்தால் ஈரத்தோல் சுருங்கி மரக்கட்டையாகும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் நடந்தவர்கள் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். பூசணம் பூத்தால் வெளியில் எடுத்துப் போய்த் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டு ஒருமுறை. ஓரத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு. பிளாஸ்டிக் கவரிலும், சுவரை ஒட்டிய இரும்பு பீரோவிலும் வைக்க வேண்டாம்.

பேருந்து நிலையம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே ஹீலின் அடி ரப்பரை மாற்றிக் கொடுப்பார்கள். ரப்பர் தேய்ந்து தோல் அடுக்கைத் தொடுவதற்குள் போய்விட்டால் அந்தச் சின்ன வேலையோடு முடியும். சோலின் நடுவே, விரல் மூட்டுக்கு அடியில், கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் சோல் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஓட்டை விழும்வரை விட்டால் இன்சோலும் போகும், அப்புறம் மாற்ற எதுவும் மிஞ்சாது.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அங்கே அளவு கொடுத்துத் தைக்கும் ஜோடி ஆயிரம் டாலரைத் தாண்டும், சுங்கம் தனி. ரெடிமேட் வாங்கினால் அங்கத்திய 9 என்பது இங்கத்திய 8; அவர்களுடைய சாதாரண ‘டி’ அகலம் செருப்பிலேயே வளர்ந்து பரந்த நம் முன்பாதங்களுக்குப் பல நேரம் இறுகும். திருப்பி அனுப்பும் செலவில் பாதி ஜோடி வந்துவிடும். இங்கே மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் ஜிப் வைத்த வெஸ்டர்ன் பூட்ஸ் பேஸ்டிங் வேலை; ஒரு கல்யாண சீசனுக்குச் சரி, கடற்காற்றில் அந்த ஜிப்தான் முதலில் போகும்.

17,500க்கு இது நியாயமான ஜோடி. ஆணியைத் தவிர. இதே பட்டறையில் இரண்டாவது ஜோடிக்கு ஆர்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவு: இன்சோல் தோல், 4 மில்லிமீட்டருக்கு மேல், இடுப்பில் பித்தளை அல்லது மூங்கில் ஆணி, இரண்டு முன்தோலும் முதுகுப் பாகம், கட்டையிலிருந்து பத்து நாளுக்கு முன் எடுக்கக் கூடாது, முன்பணம் பாதி. கூடவே ஒரு நிபந்தனை. வெளிச்சோல் ஒட்டுவதற்கு முந்தின நாள் போன் அடிக்க வேண்டும். வெல்ட் தையல், ஷாங்க், இடையில் நிரப்பும் தக்கை எல்லாம் திறந்து கிடப்பது அந்த ஒரு நாள்தான். நேரில் போக முடியாதென்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் கேளுங்கள், ஒன்று அடியிலிருந்து, ஒன்று இடுப்புக்குப் பக்கத்திலிருந்து. அனுப்பத் தயங்குகிற பட்டறையென்றால் மீதிப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.